புளியரையில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடும் சகோதரிக்கு

பக்கவாதத்தில் படுத்த அம்மாவுக்குத் துணையாக வருபவர்களும் கூடுதல் கூலிக்காக ஆரியங்காவு தாண்டிக் கேரளத்துக்குப் போய்விடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். செங்கோட்டையில் நாங்களும் இதே பாடு பட்டோம். முழுநேர ஆளுக்காக அலையாதீர்கள், சகோதரி. அதே தெருவில் இரண்டு பெண்களிடம் காலை, மாலை என்று பிரித்துக் கேளுங்கள். வீட்டைவிட்டுத் தங்க முடியாதவர்கள்கூடச் சம்மதிப்பார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே சொல்லி வையுங்கள். முதியோர் உதவி எண் 14567.

யார் வந்தாலும் இதைக் கற்றுக்கொடுங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்தால் குதிகால் மெத்தையில் படாது. என் மாமியாருக்கு முதல் படுக்கைப் புண் வந்தது குதிகாலில்தான். சிவந்தபோதே நான் கவனித்திருக்க வேண்டும்.