சரிவில் ஓடும் மணல், சரளைக் கலவையில் பெரிய கற்கள் ஏன் மேலே வருகின்றன?

“எடை கூடியதுதானே கீழே போகவேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீரில் போட்டால் சரி. உலர்ந்த துகள்கள் ஓடும்போது எடையைவிட அளவுதான் முந்திக்கொள்கிறது.

ஓட்டத்தில் துகள்கள் உரசி, இடித்து, விலகிக்கொண்டே இருப்பதால் அவற்றுக்கிடையே இடைவெளிகள் திறந்து மூடும். அந்த இடைவெளியில் சின்ன மணல்துகள் சட்டென்று விழுந்துவிடும். சரளைக்கல் நுழைய இடம் போதாது. ஓட்டமே சல்லடையாகிவிடுகிறது என்று வையுங்கள். சிறியவை கீழே சேரச் சேர, பெரியவை நெருக்கப்பட்டு மேலே தள்ளப்படும். 1988-ல் சாவேஜ், லுன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் இணைத்துத்தான் ஒரு கோட்பாடு தந்தார்கள்.

சுவாரசியமே அப்புறம்தான். சரிவில் மேற்பரப்பு அடிப்பகுதியைவிட வேகமாக ஓடும். எனவே மேலே வந்த பெரிய கற்கள் முன்வரிசைக்குப் போய்விடும். மலையிலிருந்து சேறும் பாறையுமாக இறங்கும் பெருக்கின் முகப்பில் பாறைகள் குவிந்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தப் பாறைகளுக்கு உராய்வு அதிகம். பின்னால் வரும் சேறு அவற்றைப் பக்கவாட்டில் ஒதுக்க, இருபுறமும் கரை எழும்பும். நடுவில் ஓட்டம் இன்னும் தூரம் போகும்.

இதே கலவையை உள்ளே போட்டுச் சுழற்றும் உருளையிலும் பிரிவு நடக்கும்: சிறியவை நடுவில் திரண்டுகொள்ளும். அங்கே “இன்னும் கொஞ்சம் சுற்றினால் கலந்துவிடும்” என்ற நம்பிக்கை பெரும்பாலும் பலிக்காது.

எடைக்கு வேலையே இல்லை என்றும் சொல்லமுடியாது. பெரிய துகளின் அடர்த்தி மிக அதிகமானால் அது மூழ்கிவிடும்.