தைராய்டு குறைவுக்கு வைட்டமின் டெஸ்டும் எடுக்க வேண்டுமா?

தைராய்டு மாத்திரையால் டிஎஸ்எச் (தைராய்டு வேலையைக் காட்டும் ரத்த அளவு) சரியாகியும் அசதியும் முடி கொட்டுவதும் நிற்கவில்லை, எந்த வைட்டமின் டெஸ்ட் எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

டாக்டரிடம் முதலில் ஃபெரிட்டின் பற்றிக் கேளுங்கள். அது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இது குறைந்திருக்கலாம். தைராய்டு ஹார்மோன் உருவாகவும் இரும்பு தேவை. அடுத்தது பி12. சைவம் சாப்பிடுபவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். சென்னை வெயிலில் வைட்டமின் டி குறையுமா என்று தோன்றும். பகலெல்லாம் ஓஎம்ஆர் ஏசி அலுவலகத்தில் இருந்தால் குறையும். அயோடின் டெஸ்ட் பெரும்பாலும் வேண்டாம், அயோடின் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடவே கூடாது. அதிக அயோடின் தைராய்டை இன்னும் மந்தமாக்கலாம்.

முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறீர்களா? அது டிஎஸ்எச் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும். ரத்தம் கொடுக்கும் முன் 2 நாளாவது நிறுத்துங்கள், லேபிலும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இரும்பு, கால்சியம் மாத்திரை தந்தால் தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம் தள்ளிப் போடுங்கள். காலை ஃபில்டர் காபிக்கும் தைராய்டு மாத்திரை போட்ட பிறகு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும்.