ஒரே புரத அளவுள்ள இரண்டு புண்ணாக்கு ஏன் ஒரே பலன் தருவதில்லை?

மாதவரத்தில் நாலு கறவை மாடு வைத்துக்கொண்டு இதைக் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி.

ரூமன் என்கிற பெரிய வயிற்றில் நடப்பது ஒரு பந்தயம். நுண்ணுயிர்கள் தீவனத்தைச் சிதைக்கும் வேகம் ஒருபக்கம், அது அடுத்த வயிற்றுக்கு நழுவும் வேகம் மறுபக்கம். சிதைவு மணிக்கு 6%, நழுவல் 4% என்றால் 6/(6+4), அதாவது 60% அங்கேயே சிதையும். அதிகம் தின்றால் நழுவல் கூடும். நழுவலும் 6% ஆகிவிட்டால் சிதைவது பாதிதான்.

சிதைவு வேகத்தை நைலான் பையில் தீவனம் கட்டி, ரூமனுக்குள் வைத்து அளப்பார்கள். கடலைப் புண்ணாக்கின் புரதம் மளமளவென்று சிதையும். கூடவே மாவுச்சத்து இல்லையென்றால் அம்மோனியாவாகி, கடைசியில் யூரியாவாக மூத்திரத்தில் போகும் (உங்கள் காசும்தான்). பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு நிதானம்; அதனால் அதன் புரதம் கூடுதலாக அடுத்த வயிற்றுக்கு நழுவும்.

ஆனால் மாவுச்சத்து வேண்டுமே என்று கல்யாண மண்டபத்து மிச்சச் சோற்றைக் கொட்டினால் அமிலம் ஏறி, நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். வைக்கோலின் சிதைவு வேகத்துக்குப் போட்ட கணக்கு அன்றைக்குப் பலிக்காது.