பழைய ஜீப்பில் பின்பக்க டிபரன்ஷியலை மட்டும் வேறு ரேஷியோவுக்கு மாற்றலாமா?

நெடுஞ்சாலையில் அறுபதைத் தாண்டினால் எஞ்சின் அலறுகிறது என்றும், பின்பக்க டிபரன்ஷியலை மட்டும் எண் குறைந்த ரேஷியோவுக்கு மாற்றினால் வேகமும் மைலேஜும் கூடும் எனப் பட்டறையில் சொல்கிறார்கள், செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். டிபரன்ஷியல் என்பது, ஷாஃப்ட் (எஞ்சின் சக்தியைக் கொண்டுவரும் நீளத் தண்டு) தரும் சுற்றை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்து, அவை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி; சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதே அதன் ரேஷியோ. என்ன வண்டி என்று நீங்கள் எழுதவில்லை. அறுபதிலேயே அலறுகிறது என்பதால், டீசல் எஞ்சின் பூட்டிய பழைய மகேந்திரா ஃபோர் வீல் (நான்கு சக்கரங்களும் இழுக்கும்) ஜீப்பாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கும் வண்டியாக இருந்தால் பின்பக்கத்தை மாற்றினால் போதும். ஃபோர் வீல் வண்டியென்றால் முன், பின் இரண்டையும் ஒரே ரேஷியோவுக்குக் கொண்டுவர முடியாதவரை கை வைக்காதீர்கள்.

முதலில் கணக்கு. இந்த ஜீப்புகளில் அதிகம் காணப்படுவது 8/43 கிரவுன் பினியன்; ஷாஃப்ட்டோடு சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனில் 8 பல், அது சுற்றிவிடும் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 43 பல், ரேஷியோ 5.375. பட்டறையில் உங்களுக்குச் சொன்னது பெரும்பாலும் 8/39 ஆக இருக்கும். அதன் ரேஷியோ 4.875. 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் உருளும் என்று வைத்துக்கொண்டால், டாப் கியரில் எஞ்சின் 3000 சுற்று சுற்றும்போது 8/43 போட்ட வண்டி மணிக்கு சுமார் 74 கிலோமீட்டரிலும், 8/39 போட்ட வண்டி சுமார் 81 கிலோமீட்டரிலும் ஓடும். கிடைப்பது ஏறத்தாழ பத்து விழுக்காடு வேகம், அவ்வளவுதான். சக்கரத்துக்குப் போகும் இழுவையும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குறைந்துவிடும். ஒன்றை விட்டுத்தான் மற்றொன்றைப் பெற முடியும்; இழுவையும் குறையாது, வேகமும் கூடும் என்று யாராவது சொன்னால் அவரிடம் வண்டியை விடாதீர்கள்.

இந்தக் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுத எனக்குக் காரணம் இருக்கிறது. வேலூருக்குத் தெற்கே ஒடுகத்தூர் பக்கம் எங்கள் நிலம். ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை வரை ஏறி, சாமையும் புளியும் இறக்கிக்கொண்டு வருவதற்காக ஒரு தரகர் மூலம் பழைய ஜீப் ஒன்றை வாங்கினேன். எஞ்சின் நன்றாக இருந்தது, சேசிஸில் துருவில்லை. ஃபோர் வீல் போட்டால் மட்டும் வண்டி இறுகிப் பிடிக்கும். தரகரைக் கேட்டதற்கு, பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார். ஈர மண்ணில் ஏறும்போது ஒன்றும் தெரியாது. மேலே கெட்டியான பாறைத் தரை வந்ததும் ஸ்டியரிங் கல்லாகிவிடும், அடியிலிருந்து டொம் டொம் என்று சத்தம் வரும், ஃபோர் வீல் லீவரை எவ்வளவு இழுத்தாலும் விடுபடாது. வண்டியைப் பின்னால் எடுத்தால்தான் லீவர் கழலும். ஒரு முறை மலையிலிருந்து இறங்கும்போது முன்பக்க ஷாஃப்ட்டின் கிராஸ் (ஷாஃப்ட்டை மடங்கியபடியே சுற்ற விடும் இணைப்பு) உடைந்தது.

வேலூரில் ஜீப் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பாயிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்கினார். கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்தார். டயரிலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் ஒவ்வொரு கோடு போட்டுவிட்டு, டயரைச் சரியாக இரண்டு சுற்று சுற்றச் சொல்லி, தான் அடியில் படுத்து ஷாஃப்ட்டின் கோட்டை எண்ணினார். ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது, தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதோ அதுவே ரேஷியோ. பின்னால் ஐந்து சுற்று முடியச் சற்று முன்பே நின்றது. முன்பக்கத்தில் அதையே செய்தபோது ஐந்தைத் தாண்டி மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலே போய் நின்றது. "தம்பி, பின்னாடி முப்பத்தொம்போது, முன்னாடி நாப்பத்திமூணு. ஃபோர் வீல் போட்டா ஒடையாம என்ன செய்யும்?" என்றார்.

எனக்கு முன் அந்த வண்டியை வைத்திருந்தவருக்கு ஏதோ ஒரு பட்டறை, நெடுஞ்சாலை வேகத்துக்காகப் பின்பக்கத்தை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறது. அவர் ஃபோர் வீல் லீவரைத் தொடவே இல்லை போலும். அதனால் அவர் காலத்தில் குறை வெளியே தெரியவில்லை. உங்களிடம் பட்டறையில் சொல்லியிருப்பதும் அதே வேலை. ஃபோர் வீல் போட்டதும், கியர் பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் ஒன்றாகப் பூட்டிவிடுகிறது. இந்த வண்டிகளில் அவற்றுக்கு நடுவே டிபரன்ஷியல் எதுவும் கிடையாது. முன்சக்கரங்கள் 100 மீட்டர் உருளும் நேரத்தில் பின்சக்கரங்கள் 110 மீட்டர் உருளப் பார்க்கும். சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தாரிலும் பாறையிலும் வழுக்க வழியில்லாததால், முறுக்கம் முழுவதும் ஷாஃப்ட், கிராஸ், ஆக்சில் என்று ஏறிக்கொண்டே போய், எது பலவீனமோ அது உடையும்.

"நான் ஃபோர் வீலே போடுவதில்லை, எனக்கென்ன?" என்று சிலர் கேட்பார்கள். அப்படியானால் முன் ஷாஃப்ட்டைக் கழற்றி வைத்துவிடுங்கள்; வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் அதைச் சொல்லியும் விடுங்கள். மலைச்சரிவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்த லீவரைப் போடப்போவது அவராக இருக்கலாம்.

நான் இரண்டையும் 8/43க்கே கொண்டுவந்தேன். முன்பக்கத்தையும் 39க்கு மாற்றினால் வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று நெடுஞ்சாலையில் சௌகரியமாகப் போகலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு வேண்டியது ஏற்றத்தில் இழுவை. அதைவிட, மூட்டையோடு இறங்கும்போது எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவது. ரேஷியோ எண் குறைந்தால் எஞ்சின் பிடிப்பும் குறைந்து, அந்தப் பாரம் முழுவதும் பிரேக்கின் மேல் விழும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு இறங்கியவர்களுக்கு, செகண்ட் கியர் பிடிக்கிற பிடி எவ்வளவு பெரிய துணை என்பது தெரியும். உங்கள் வண்டி சமவெளியிலேயே, பாரமில்லாமல் ஓடுவதானால் இரண்டு பக்கமும் 8/39 போடுவதை நான் தடுக்க மாட்டேன். அது நல்ல மாற்றம்தான்.

வேலையை யார் செய்கிறார்கள் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று தேய்த்து இணைக்கப்பட்ட ஜோடி; ஒரு வண்டியின் கிரவுனையும் இன்னொரு வண்டியின் பினியனையும் சேர்த்தால் பல்லின் எண்ணிக்கை பொருந்தினாலும் ஊளைச் சத்தம் போகாது. சென்னை புதுப்பேட்டையில் பழையது வாங்கினாலும் இரண்டும் ஒரே வண்டியிலிருந்து கழன்றவையா என்று பாருங்கள். ஜோடி எண் பொறித்திருந்தால் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். 4.875ஐவிட எண் வெகுவாக இறங்கினால் பினியன் பருத்துவிடும் என்பதால், கிரவுனைத் தாங்கும் கேஸையும் மாற்ற வேண்டி வரலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாய் பினியனுக்கு அடியில் ஷிம் என்கிற மெல்லிய தகடுகளை வைத்தும் எடுத்தும், டயல் கேஜ் என்கிற நுண்ணளவு காட்டும் கருவியில் பேக்லாஷ், அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளி, பார்த்தார். அந்த இடைவெளி கால் மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும். பிறகு பற்களில் நீல மையைத் தடவிச் சுற்றிப் பார்த்தார். மை அழிந்த தடம் பல்லின் ஓரத்தில் விழுந்திருந்தது. எனக்கு அது போதுமானதாகவே தெரிந்தது, அவருக்குப் போதவில்லை. தடம் பல்லின் நடுவில் விழும்வரை, எல்லாவற்றையும் மறுபடி மறுபடி கழற்றிப் பூட்டினார். இந்த வேலைக்குக் கூலி அதிகம் என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. டயல் கேஜ் இல்லாமல் கையால் ஆட்டிப் பார்த்து மூடிக் கொடுக்கும் பட்டறைகள் ஓடுவதே இவர்களால்தான். மூடிய பிறகு தரமான 90 கியர் ஆயில் ஊற்றி, தொடக்கத்தில் பாரமேற்றாமல் ஓட்டி, அந்த ஆயிலை ஒருமுறை வடித்து மாற்றிவிடுங்கள்.

மைலேஜைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நெடுஞ்சாலையில் ஒரே சீரான வேகத்தில் போனால் ஓரளவு கூடும். ஊருக்குள்ளும் ஏற்றத்திலும் அடிக்கடி கியரைக் குறைக்க வேண்டியிருப்பதால் அந்த லாபம் தேய்ந்துவிடும். ஆனால் கூடியதா இல்லையா என்பதை மீட்டரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்த ஜீப்பில் ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து, அதாவது டிபரன்ஷியலுக்கு முன்பிருந்தே, வருகிறது. 8/39 போட்டபின் வண்டி 110 கிலோமீட்டர் ஓடினால் மீட்டர் 100 என்றுதான் காட்டும். முள் அறுபதில் நிற்கும்போது நீங்கள் 66இல் போய்க்கொண்டிருப்பீர்கள். ஸ்பீடோமீட்டர் பினியனையும் அதற்கேற்ப மாற்றச் சொல்லுங்கள். அதுவரை மீட்டர் காட்டும் கிலோமீட்டரோடு பத்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.