ஒரு பெட்டிக்குள் இரண்டு பிராசஸர்: வாசகர் கேள்வி-பதில்

கம்பெனிகள் கழித்துக்கட்டிய ஒர்க்ஸ்டேஷன்கள் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் இரட்டை ஜியான் (சர்வர், ஒர்க்ஸ்டேஷனுக்காக இன்டெல் செய்யும் பிராசஸர்) ஆசை பலருக்கும் வந்துவிட்டது. ஆசையில் தப்பில்லை. ஆனால் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மதர்போர்டு மாடல் நம்பரே இல்லை. "என் சிஸ்டத்தில் போடலாமா?" என்று மட்டும் கேட்டால் எந்த சிஸ்டம் என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது? போர்டின் மேலேயே அச்சடித்திருக்கும். பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: என்னிடம் ஐ7-10700 இருக்கிறது. இன்னொரு ஐ7-10700 வாங்கி இரண்டையும் சேர்த்து ஓட்ட முடியுமா? (ஈரோடு)

முடியாது. உங்கள் போர்டில் பிராசஸர் உட்காரும் சாக்கெட் ஒன்றுதான். இரண்டு சாக்கெட் போர்டு கிடைத்தாலும் பயனில்லை. பக்கத்து பிராசஸரோடு பேசுவதற்கான இணைப்பு ஐ7-க்கு உள்ளேயே கிடையாது. ஜியானில் அந்த இணைப்புக்குப் பெயர் க்யூபிஐ, 2017-க்குப் பிறகு வந்தவற்றில் யூபிஐ. ஏஎம்டி கம்பெனியின் ரைசனும் த்ரெட்ரிப்பரும் அப்படித்தான், ஒற்றைச் சாக்கெட்டோடு சரி. ஏஎம்டியில் இரட்டை வேண்டுமென்றால் எபிக் என்ற சர்வர் பிராசஸரின் 7000, 9000 வரிசைகளுக்குப் போக வேண்டும். அதிலும் மாடல் நம்பர் 'பி' என்று முடிந்தால் அது ஒற்றைக்கானது.

கேள்வி: இ5-1650 வி4 ஜியான் ஒன்று இருக்கிறது. இரட்டை எக்ஸ்99 போர்டில் இதையே ஜோடியாகப் போடலாமா? (ஓசூர்)

போடக்கூடாது. இ5-க்கு அடுத்த முதல் இலக்கத்தைப் பாருங்கள். 1 என்றால் ஒற்றை, 2 என்றால் இரண்டு வரை, 4 என்றால் நான்கு வரை. உங்களுடையது 1. அதை விற்றுவிட்டு 2680 வி4 இரண்டு வாங்குங்கள்.

கேள்வி: 2680 வி4 ஒன்றும் 2690 வி4 ஒன்றும் கையில் இருக்கின்றன. சேர்த்துப் போடலாமா? (கோவை)

வேண்டாம். இரண்டும் ஒரே மாடலாக, ஒரே ஸ்டெப்பிங்காக (தயாரிப்பில் செய்த திருத்தத்தின் எண்) இருக்க வேண்டும். பிராசஸரின் உலோக மூடியில் 'எஸ்ஆர்' என்று தொடங்கும் ஐந்தெழுத்துக் குறியீடு இருக்கும்; 2680 வி4-க்கு எஸ்ஆர்2என்7. இரண்டிலும் அது ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். அந்த இடத்தில் 'க்யூ' என்று தொடங்கும் குறியீடோ, 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்ற எழுத்தோ இருந்தால் அது சோதனைக்காக வெளியே விட்ட சிப். விலை எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: எச்பி இசட்440-ல் இரண்டாவது பிராசஸர் சேர்க்க என்ன செலவாகும்? இசட்640, இசட்620 எப்படி? (சேலம்)

இசட்440-ல் இடமே இல்லை. இசட்640-ல் உண்டு, ஆனால் மெயின் போர்டில் இல்லை. இரண்டாவது பிராசஸர் தனி ரைசர் போர்டில் உட்கார்ந்து, அந்த போர்டோடு உள்ளே செருகப்படும். அதற்கான ரேம் ஸ்லாட்டுகளும் கூலரும் அதிலேயே இருக்கும். ரைசர் இல்லாமல் பெட்டியை மட்டும் வாங்கிவிட்டுப் பிறகு ரைசர் தேடினால் கண்ணில் படாது. பட்டாலும் விலை எகிறியிருக்கும். சேர்த்தே பேசி வாங்குங்கள்.

இசட்620 வாங்குபவர்கள் பயாஸுக்குள் (சிஸ்டம் தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) போய் 'பூட் பிளாக் டேட்' என்ற வரியைப் பாருங்கள். 2011 என்றிருந்தால் மாடல் நம்பர் 'வி2' என்று முடியும் பிராசஸர் ஓடாது. 2013 என்றிருந்தால் ஓடும். பயாஸ் அப்டேட் செய்தாலும் அந்தத் தேதி மாறாது. "அப்டேட் பண்ணிக் கொடுக்கிறோம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். 28 கோர், 56 திரெட், மொத்தம் 67 ஜிகாஹெர்ட்ஸ் என்று சொல்லி ஒரு இரட்டை ஜியான் சிஸ்டத்துக்கு 65 ஆயிரம் கேட்கிறார்கள். கடன் வாங்கித்தான் எடுக்க வேண்டும். எடுக்கலாமா? (மதுரை)

எடுக்காதீர்கள். இந்த 67 ஜிகாஹெர்ட்ஸ் கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. 2.4 ஜிகாஹெர்ட்ஸ் கடிகார வேகத்தை 28 கோரால் பெருக்கி விலைப்பலகையில் எழுதிவிடுகிறார்கள். கடிகார வேகத்தை அப்படிக் கூட்டவே முடியாது. 28 பேர் ஆளுக்கு மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தால், அந்தக் கூட்டம் மணிக்கு 140 கிலோமீட்டரில் ஊர் போய்ச் சேருமா?

கோர் என்பது பிராசஸருக்குள் தனியாகக் கணக்குப் போடும் பகுதி, திரெட் என்பது அது ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலை வரிசை. வேலையைப் பங்கு போட முடிந்தால்தான் கோர் எண்ணிக்கை உதவும். இதைக் கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-லேயே சொல்லிவிட்டார். ஒரு வேலையில் 90 சதவீதத்தைப் பங்கு போடலாம், மீதி 10 சதவீதம் வரிசையாகத்தான் நடக்கும் என்று வையுங்கள். 14 கோர் போட்டால் ஒற்றைக் கோரைவிட 6 மடங்கு வேகம். 28 போட்டால் 12 மடங்கா? இல்லை, ஏழரைதான். இரண்டாவது பிராசஸருக்குக் கொடுத்த காசுக்கு கால்வாசி வேகம்தான் கூடுகிறது. எடிட்டிங் டைம்லைனில் பங்கு போட முடியாத பகுதி 10 சதவீதத்தைவிட நிறையவே இருக்கும்.

உங்கள் தொழிலுக்கு அதைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று உண்டு. இப்போதைய கேமராக்கள் பலவும் 10 பிட் 4:2:2 எச்இவிசி (நிற விவரம் அதிகமாக, இறுக்கிச் சுருக்கிய வீடியோ வகை) ஃபைலாகப் பதிவு செய்கின்றன. அதைத் தடங்கல் இல்லாமல் ஓட்டிப் பார்க்க, பிரித்துப் படிக்கும் வேலையை ஹார்டுவேரே செய்ய வேண்டும். டெஸ்க்டாப்பில் 11-ஆம் தலைமுறை இன்டெல் முதல் சிப்புக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ், க்விக் சிங்க் மூலம் அதைச் செய்கிறது. என்விடியா கார்டுகளில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் 4:2:2 வந்தது. இ5 ஜியானில் உள்கிராஃபிக்ஸே கிடையாது. ஆகவே 56 திரெட்டும் மூச்சு வாங்க ஓடியும் மாலை மாற்றும் காட்சி டைம்லைனில் திக்கித் திக்கித்தான் வரும்.

அந்தப் பணத்தில் ஐ5-13600கே போன்ற ஒன்றை எடுங்கள். ஒற்றைத் திரெட்டில் அந்த ஜியானைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் வேகம். எல்லாக் கோரும் ஓடும் வேலையிலும், அதே 28 கோர் உள்ள இரண்டு 2680 வி4 சேர்ந்து கொடுப்பதை இது தனியாகவே ஏறக்குறைய கொடுத்துவிடும். மாடல் நம்பர் 'எஃப்' என்று முடிவதை மட்டும் எடுக்காதீர்கள், அதில் உள்கிராஃபிக்ஸ் இருக்காது. நாலு முகூர்த்தத்தை நம்பிக் கடன் வாங்குகிற பிள்ளைகளிடம் பெருக்கல் கணக்கைக் காட்டி விற்கிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: என்ன வேலைக்கு என்று முதலில் கேளுங்கள், பிறகு விலை சொல்லுங்கள்.

கேள்வி: இரண்டு பிராசஸர் போட்டும் விண்டோஸ் ஒன்றைத்தான் காட்டுகிறது. (திருச்சி)

ஹோம் எடிஷன் போட்டிருப்பீர்கள். அது ஒரு சாக்கெட்டைத்தான் பயன்படுத்தும். ப்ரோ போடுங்கள், இரண்டும் தெரியும். இன்னொன்று, இ5 வரிசை விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. லினக்ஸ் பழகியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கேள்வி: 32 ஜிபி ரேம் நாலு வைத்திருக்கிறேன். நாலையும் முதல் பிராசஸர் பக்கமே போட்டேன். இரண்டாவது போட்ட பிறகும் வேகம் கூடவில்லை. (வேலூர்)

எப்படிக் கூடும்? ஒவ்வொரு பிராசஸருக்கும் அதன் பக்கத்து ஸ்லாட்டுகள்தான் சொந்த ரேம். இப்போது இரண்டாவது பிராசஸர் ஒவ்வொரு தடவையும் க்யூபிஐ வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று பிரித்துப் போடுங்கள். எட்டு வாங்கி நாலு நாலாகப் போட்டால் ஒவ்வொரு பிராசஸரின் நான்கு சேனலும் (ரேமுக்குப் போகும் பாதை) நிரம்பும். ஆர்டிம் (சர்வர் ரேம்), யூடிம் (சாதாரண ரேம்) இரண்டையும் கலக்காதீர்கள், சிஸ்டம் பூட் ஆகாது.

கேள்வி: என்னிடம் இருக்கும் 550 வாட் எஸ்எம்பிஎஸ், சாதாரண கேபினெட், 600 விஏ யூபிஎஸ் போதுமா? (தஞ்சாவூர்)

மூன்றும் போதாது. 120 வாட் பிராசஸர் இரண்டு, ஒரு நடுத்தர கிராஃபிக்ஸ் கார்டு, மற்றவை எல்லாம் சேர்த்தால் 450 வாட்டைத் தொடும். 750 வாட்டில் தரமான எஸ்எம்பிஎஸ் பாருங்கள். சிபியூவுக்கான 8 பின் கனெக்டர் இரண்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின் வேறு. அதில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். அழுத்திச் செருகினால் போர்டு போய்விடும்.

600 விஏ யூபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். கரண்ட் போன அந்த நொடியே சிஸ்டமும் அணைந்துவிடும். ஒரு கேவிஏ வாங்குங்கள். இரட்டைச் சாக்கெட் போர்டுகள் பெரும்பாலும் 12-க்கு 13 அங்குலம் இருக்கும், கேபினெட்டை டேப் வைத்து அளந்துவிட்டு எடுங்கள். கூலருக்கும் அளவு உண்டு. சாக்கெட்டைச் சுற்றியுள்ள திருகுத் துளைகள் 80-க்கு 80 மில்லிமீட்டர் சதுரமாக இருக்கலாம், 56-க்கு 94 என்று குறுகலாகவும் இருக்கலாம். ஒன்றின் கூலர் மற்றதில் உட்காராது. தினம் எட்டு மணி நேரம் முழு லோடில் ஓட்டினால் இரண்டு மாத ஈபி கணக்கில் 200 யூனிட்டுக்கு மேல் ஏறும்.

கேள்வி: டேலி ஓட்ட இரட்டை பிராசஸர் நல்லதா? (கரூர்)

தேவையில்லை. எஸ்எஸ்டி போடுங்கள்.

கேள்வி: பிளெண்டரில் ரெண்டர் செய்ய? (சென்னை)

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளின் ரெண்டர் இன்ஜினான சைக்கிள்ஸ் எல்லாக் கோரையும் நன்றாகவே பயன்படுத்தும். ஆனாலும் ஒரே ஒரு ஆர்டிஎக்ஸ் 3060 இரண்டு 2680 வி4-ஐச் சுலபமாக முந்திவிடும். உங்கள் காட்சி கார்டின் 12 ஜிபிக்குள் அடங்காத அளவுக்குப் பெரிதாக இருந்தால் மட்டும் ஜியானும் 128 ஜிபி ரேமும் கை கொடுக்கும்.

கேள்வி: வீட்டில் ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு பத்துப் பன்னிரண்டு விர்ச்சுவல் மெஷின் (ஒரே கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் ஓடும் தனிக் கம்ப்யூட்டர்) ஓட்டிப் படிக்க ஆசை. (திருநெல்வேலி)

உங்களுக்காகத்தான் இந்தப் பெட்டி. நிறைய கோர், பிழை திருத்தும் மலிவான இசிசி ரேம், தனித்தனி வேலைகள். தயங்காமல் வாங்குங்கள். ஒவ்வொரு மெஷினும் ஒரே பிராசஸரின் கோர்களுக்குள்ளும் அதன் ரேமுக்குள்ளும் அடங்கும்படி ஒதுக்குங்கள்.

கேள்வி: அப்பா வைத்திருந்த அபிட் பிபி6 போர்டு பரணில் கிடைத்தது. விண்டோஸ் 98-இல் ஒரு செலரான்தான் வேலை செய்கிறது. பழுதா? (புதுச்சேரி)

பழுதில்லை. விண்டோஸ் 98-க்கு இரண்டு பிராசஸரைப் பயன்படுத்தத் தெரியாது. விண்டோஸ் 2000 போடுங்கள். சாதாரண செலரான் இரண்டை எந்த மாற்றமும் செய்யாமல் ஜோடியாக ஓட்டவிட்ட 1999-ஆம் வருடத்து போர்டு அது. 533 மெகாஹெர்ட்ஸ் வரையிலான மெண்டோசினோ செலரான் மட்டும் போடுங்கள். பவர் கொடுக்கும் முன் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: இப்போது ஒரு பிராசஸர், ஆறு மாதம் கழித்து இன்னொன்று என்று வாங்கலாமா? (நாகர்கோவில்)

வாங்கலாம். முதல் சாக்கெட்டில் போடுங்கள். இரண்டாவது காலியாக இருக்கும்வரை அதனோடு இணைந்த ரேம் ஸ்லாட்டும் பிசிஐ ஸ்லாட்டும் வேலை செய்யாது. கிராஃபிக்ஸ் கார்டு எங்கே போடுகிறோம் என்று மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலிச் சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றாதீர்கள். வாங்கும்போது மட்டும் கடைக்காரர் முன்னாலேயே அதைத் திறந்து, டார்ச்சைச் சாய்வாக அடித்து, இரண்டாயிரத்துச் சொச்சம் ஊசிகளும் ஒரே வரிசையில் மின்னுகிறதா என்று பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் போர்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை எழுதும்போது போர்டின் மாடல் நம்பரையும் எழுதுங்கள்.