உடையும் முடிக்கு மறுபடியும் ரிலாக்ஸர் வேண்டாம்

ஆறு வாரம் முன்பு ரிலாக்ஸர் (சுருள்முடியை நேராக்கும் ரசாயனக் கிரீம்) போட்டதாகவும், இப்போது பிடரிப் பக்கம் முடி உடைவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேரில் எழும்பும் அடர்சுருளை அடக்க மறுபடியும் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கிரீம் முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை நிரந்தரமாக முறித்துத்தான் நேராக்குகிறது. ஏற்கெனவே நேரான பகுதியில் மீண்டும் பட்டால் முடி தாங்காது.

விழுந்த முடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. இரண்டு முனையும் மொட்டையாக இருந்தால் ஒடிந்தது. புதுச் சுருளும் பழைய நேர்முடியும் சந்திக்கும் இடமே மிகவும் பலவீனமானது. எனக்கும் அங்கேதான் ஒடிந்தது. உலர்ந்த தலையில் சீப்பை இழுத்ததுதான் காரணம்.

எனவே அலசிய தலையில் கண்டிஷனரை நிறையத் தடவி, நுனியிலிருந்து மேல்நோக்கி விரல்களால் சிக்கெடுங்கள். அதன் பிறகே அகலப் பல் சீப்பு. ஈரமான ஓர் இழையை மெல்ல இழுங்கள். ரப்பர்போல நீண்டு அறுந்தால் புரோட்டீன் கண்டிஷனர் ஒருமுறை போடலாம். நீளாமலே பட்டென்று ஒடிந்தால் புரோட்டீனை நிறுத்திவிட்டு ஈரப்பதம் கொடுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்து முடியை விறைக்க வைத்துவிடுகிறார்கள்.

சூட்டுக் கருவிகளை ஒதுக்கிவையுங்கள். இரவில் சாட்டின் துணி கட்டுங்கள். பிளந்த நுனிகளை, மனம் வலித்தாலும், வெட்டிவிடுங்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ.தான் வளரும், பொறுமை வேண்டும். தலைத்தோலில் புண்ணோ வழுக்கைத் திட்டோ தெரிந்தால் உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.