நேராகப் போட்டிருக்கலாமே

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில், பிளிமத் ஊரில் மருத்துவமனை வேலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. போன மாதம் கூட வேலை பார்க்கிற நாலு பேர் கார்ன்வால் கடலோரப் பாதையில் நடக்கலாம் என்று அழைத்துப் போனார்கள். செயிண்ட் ஐவ்ஸிலிருந்து ஜென்னார் வரை. போனில் பார்த்தால் 10 கிலோமீட்டர் சொச்சம். சென்னையில் தினம் காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்தவன் நான், இதென்ன பெரிய விஷயம் என்று கிளம்பினேன். ஐந்தரை மணி நேரம் ஆயிற்று. கடல் உள்ளே வந்த ஒவ்வொரு மடக்கிலும் பாதை கீழே இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. மேலேயே நேராகப் போட்டிருக்கலாமே? அதற்குள் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. திரும்பும்போது வயல் வழியாகக் கூட்டி வந்தார்கள். யாருடைய வயலோ. மாடு மேய்கிறது, டிராக்டரில் ஆள் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மாங்காய் திருடப் போன மாதிரி இருந்தது. அவர்கள் அவருக்குக் கையை ஆட்டிவிட்டு நடந்துகொண்டே இருந்தார்கள். இரண்டு நாள் என்னால் மாடிப்படி இறங்க முடியவில்லை. நீங்களும் இதே பாதையில் நடந்ததாக ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். இதில் என்னதான் இருக்கிறது? கிண்டலாகக் கேட்கவில்லை.

கே.

அன்புள்ள கே.,

உங்கள் முழங்கால் வலிக்குக் காரணம் பிரெஞ்சு பிராந்தி.

18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தேயிலை, பிராந்தி, புகையிலை எல்லாவற்றுக்கும் தலைக்கு மேல் வரி. 1784-ல் குறைக்கும்வரை தேயிலைக்கான வரி அதன் விலையையே தாண்டி இருந்தது. பிறகு சும்மா இருப்பார்களா? பிரான்ஸ் பக்கமிருந்து இரவில் படகு வரும், கார்ன்வாலின் ஏதாவது ஒரு மடக்கில் ஒதுங்கும், விடிவதற்குள் சரக்கு கரையேறிவிடும். இதைப் பிடிக்க ஆள் போட்டார்கள். 1822-ல் அந்தக் காவல் பிரிவுகளை ஒன்றாக்கியதுதான் கடலோரக் காவல் படை. அதன் ஆட்கள் இரவில் பாறை விளிம்போடு நடந்து ரோந்து போனார்கள். மேலேயே நேராக நடந்தால் மடக்குக்குள் பதுங்கியிருக்கும் படகு கண்ணில் படாது. ஒவ்வொரு மடக்கையும் எட்டிப் பார்த்தாக வேண்டும். அப்படி அவர்கள் கால் பட்டுப் பட்டு உண்டான தடம்தான் நீங்கள் நடந்தது. மைன்ஹெட்டிலிருந்து பூல் துறைமுகம் வரை மொத்தம் 1014 கிலோமீட்டர், இன்று அதற்குத் தென்மேற்குக் கடலோரப் பாதை என்று பெயர். முழுக்க நடந்தால் ஏற்றங்கள் மட்டும் ஏறக்குறைய 35,000 மீட்டர், எவரெஸ்டைப் போல் நாலு மடங்கு என்று கணக்கு சொல்வார்கள். உங்கள் பங்குக்கு அதில் கொஞ்சம் ஏறியிருக்கிறீர்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கே அந்தப் பாதை பிடிபட்டது. முதல் நாள் நானும் உங்களைப் போலத் திட்டிக்கொண்டேதான் நடந்தேன். மே மாதம், மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம். நீங்கள் நடந்த அதே துண்டு. ஓரிடத்தில் சேற்றுக்கு நடுவே கல் போட்டிருப்பார்கள், கவனித்தீர்களா? மூன்றாவது கல்லில் கால் வைத்தேன், கல் ஆடியது, முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. எழுந்து, கையையும் ஊன்றித்தான் அடுத்த பாறையில் ஏற முடிந்தது. ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்த இடத்தில் ஒரு முட்புதர், முழுக்க மஞ்சள் பூ. எங்கிருந்தோ தேங்காய் வாசனை. யாராவது தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போகிறார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. வாசனை அந்தப் பூவிலிருந்து வருகிறது! கோர்ஸ் என்கிறார்கள். வெயில் ஏற ஏற வாசனையும் ஏறும். நீங்கள் போன மாதத்தில் எப்படி இருந்ததோ தெரியாது, அடுத்த வசந்தத்தில் முள் குத்தினாலும் பரவாயில்லை என்று கிட்டே போய் முகர்ந்து பாருங்கள்.

அங்கிருந்து கடலைப் பார்த்தால் சின்னச் சின்னப் பாறைத் தீவுகள் தெரியும், காரக்ஸ் என்று பெயர். அதன் அருகே மூன்று நாலு வலை மிதவைகள் கிடப்பதாக நினைத்தேன். ஒரு மிதவை மூக்கைச் சிலுப்பிக்கொண்டு முங்கியது. சீல் என்கிற கடல்நாய்கள்.

ஜென்னாரிலேயே நின்றுவிட்டீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். (தேவாலயத்துக்குள் போனீர்களா? ஒரு மரப்பெஞ்சின் பக்கவாட்டில் கையில் சீப்பும் கண்ணாடியுமாகக் கடற்கன்னி செதுக்கியிருப்பார்கள், சுமார் 600 வருடப் பழசு. அந்த ஊர்ப் பாடகன் ஒருவன் அவள் பின்னாலேயே கடலுக்குள் போய்விட்டான் என்று கதை.) அங்கிருந்து மேற்கே ஒருநாள் நடை தள்ளி பொட்டலாக் வருகிறது. செங்குத்துப் பாறையின் அடியில், அலை தெறிக்கிற தூரத்தில், புகைபோக்கியோடு இரண்டு கல் கட்டடங்கள். தகரமும் செம்பும் எடுத்த சுரங்கத்தின் இயந்திர வீடுகள். சுரங்கம் கீழே இறங்கி, கடலுக்கு அடியிலேயே அரை மைல் போகிறது. புயல் நாட்களில் தலைக்கு மேலே கடலடியில் பாறைகள் உருளும் சத்தம் உள்ளே வேலை செய்கிறவர்களுக்குக் கேட்குமாம். பக்கத்திலேயே லெவன்ட் சுரங்கம். 1919-ல் ஆட்களை ஏற்றி இறக்கும் இயந்திரம் அறுந்து விழுந்ததில் ஒரே நேரத்தில் 31 பேர் செத்துப்போனார்கள்.

நான் அங்கே வெகுநேரம் நின்றதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. என் ஊர் குடியாத்தம். அம்மாவின் சித்தப்பா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் அங்கே இருந்தார். 1860-களிலிருந்து செம்பு விலையும் பிறகு தகர விலையும் விழுந்தபோது கார்ன்வால்காரர்கள் குடும்பம் குடும்பமாக உலகமெங்கும் பிழைக்கப் போனார்கள். ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் கோலாரை எடுத்து நடத்தத் தொடங்கியபோது அங்கும் வந்தார்கள். மேலே அவர்கள், கீழே நம் ஆட்கள். மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போன அந்தச் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது. சின்னத் தாத்தா ‘தொரை’ என்று சொல்லும்போது எனக்கு லண்டன்தான் மனதில் வரும். பொட்டலாக்கில் கூரையில்லாத அந்தக் கட்டடத்தைப் பார்த்தபோதுதான், தொரையும் வயிற்றுக்காகக் கப்பலேறியவன்தான் என்று உறைத்தது. அதற்காக அவர் சின்னத் தாத்தாவை நன்றாக நடத்தினார் என்று சொல்ல வரவில்லை.

இனி உங்கள் மாங்காய்த் திருட்டுக்கு வருகிறேன். நீங்கள் திரும்பிய வயல்வழி, ஜென்னார் தேவாலயத்துக்குச் சவப்பெட்டி தூக்கிப் போன வழி என்று சொல்கிறார்கள். வேலிக்கு வேலி தரையில் ஒரு குழி, அதன் மேல் இடைவெளி விட்டு நீளநீளமாகக் கருங்கல் துண்டுகள் பதித்திருந்ததே, அதை மனிதன் தாண்டிவிடுவான், மாடு தாண்டாது. அங்கே பல கல்வரப்புகள் ஆயிரக்கணக்கான வருடப் பழசு, இன்றும் அதே வரப்புக்குள்தான் மாடு மேய்கிறது.

அந்த டிராக்டர்காரர் உங்களை விட்டது பெருந்தன்மையால் என்று நினைக்க வேண்டாம். வயல் அவருடையது, பாதை பொது. 1949-ல் வந்த சட்டத்தின்படி கவுன்சில்கள் ஊர் ஊராகப் பழைய நடைபாதைகளைக் கணக்கெடுத்து வரைபடத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. அப்படி ஏறிய பாதையை அவர் அடைக்கக் கூடாது, குறுக்கே உழுதால் திரும்பப் போட்டுத் தர வேண்டும். 1:25,000 அளவு வரைபடம் வாங்கிப் பாருங்கள், பச்சைக் கோடு துண்டுதுண்டாகப் போகும். அந்தக் கோட்டின் மேல் நீங்கள் நிற்கும்வரை யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இதுவும் சும்மா கிடைத்துவிடவில்லை. 1932-ல் கிண்டர் ஸ்கௌட் மேட்டில், பணக்காரர்கள் பறவை சுடுவதற்காக அடைத்து வைத்திருந்த நிலத்தில், மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். வரப்புத் தகராறு இல்லாத ஊரே நம்மிடம் கிடையாது, ஆகவே இது உங்களுக்கு நான் விளக்காமலே புரியும்.

மாடு விஷயத்தில் மட்டும் உங்கள் பயம் நியாயம்தான். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே புகாதீர்கள், சுற்றிப் போங்கள். கேட்டைத் திறந்த நிலையில் பார்த்தால் திறந்தே விடுங்கள், சாத்தியிருந்தால் சாத்திவிட்டுப் போங்கள். பாறை விளிம்பில் நின்று போட்டோ எடுக்காதீர்கள், அந்தக் கரை இடிந்துகொண்டே இருக்கிறது. பல இடங்களில் பழைய பாதை கடலுக்குள் போய், புதிதாக உள்தள்ளி வெட்டியிருக்கிறார்கள்.

அடுத்த தடவை பென்டீன் கலங்கரை விளக்கத்திலிருந்து பொட்டலாக் வரை நடங்கள். தூரம் குறைவு, ஏற்றமும் உங்களைக் கொல்லாது. என்ன ஷூ போட்டுக்கொண்டு போனீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லையே? பெசன்ட் நகரில் நடந்த அதே ஷூ என்றால், இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியாததற்கு பிராந்தியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.